அண்ணன் அழித்த அம்பு

எங்கள் அண்ணனுக்கு வலது எது, இடது எது என்று தெரியாது. நாற்பத்து மூன்று வயதாகிறது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. இன்னும் யாராவது "இடது பக்கம் திரும்பு" என்றால் முதலில் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொள்வான். எந்தக் கையால் எழுதுகிறோம் என்று யோசித்து, அது வலது என்று முடிவுகட்டி, அப்படியானால் மற்றதுதான் இடது என்று அவன் கண்டுபிடிப்பதற்குள் திருப்பம் தாண்டிப் போயிருக்கும்.

சின்ன வயதில் அம்மா ஒருமுறை அவனைத் தீப்பெட்டி வாங்கிவர அனுப்பினாள். வாங்கினான். ஆனால் கொண்டுபோய்க் கொடுத்தது அடுத்த தெருவில் ஒரு வீட்டு அடுப்படியில். அங்கே நின்றிருந்த அம்மாள் அதை வாங்கி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அப்புறம்தான் "நீ யாருப்பா?" என்று கேட்டாளாம். அன்றைக்கு அவனுக்குத் 'திசைகாட்டி' என்று பெயர் வைத்தது நான்தான். எனக்கு ஒன்பது வயது. பெயர் அவனோடு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பரவியது, வேலைக்குப் போன இடத்துக்கும் வழி கேட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தது. அண்ணி கல்யாணமான முதல் வாரமே விஷயத்தைப் புரிந்துகொண்டு, எங்கே போனாலும் இரண்டடி முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டாள். எல்லோரும் சிரிக்கும்போது அண்ணனும் சேர்ந்து சிரிப்பான். கூடச் சேர்ந்து சிரிக்கிறவனுக்கு வலிக்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இதில் அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. தெருவில் போகிற யாராவது "பஸ் ஸ்டாண்டு இந்தப் பக்கம்தானே?" என்று கேட்டால், யோசிக்காமல் "ஆமா" என்பான். எத்தனை பேரை எங்கெங்கே அனுப்பிவைத்தானோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"தெரியாம எதுக்குண்ணா ஆமாங்கற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கேக்கறவங்களுக்கே பாதி தெரிஞ்சிருக்கும் பாப்பா. என்னைவிட அவங்களுக்குத் தெரியும்ல" என்றான். நான் தலைமுடி நரைக்கத் தொடங்கிய பிறகும் அவனுக்குப் பாப்பாதான்.

இப்படிப்பட்டவன் பார்க்கிற வேலை என்ன தெரியுமா? கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது. ஒரு ஆர்க்கிடெக்டின் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக டிராஃப்ட்ஸ்மேன். ஆர்க்கிடெக்ட் துண்டுக் காகிதத்தில் கிறுக்கித் தருவதைச் சுவராகவும் கதவாகவும் படிக்கட்டாகவும் அளவோடு வரைவது அவன் வேலை. அதில் அவனை அசைக்க முடியாது. ஒரு கதவு அரை அங்குலம் தள்ளியிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். காகிதத்துக்கு மேல் இருக்கிறது, கீழ் இருக்கிறது, நான்கு ஓரம் இருக்கிறது. அதற்குள் இருக்கும்வரை அவன் தொலைந்துபோவதில்லை.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த நிலமாக இருந்தாலும் வரைபடத்தில் ரோடு கீழே வரவேண்டும். ஆர்க்கிடெக்டுக்கு அப்படிப் பார்த்தால்தான் கட்டடம் மனதில் எழும்பி நிற்குமாம். "வாசல் வழியாத்தானேப்பா உள்ள போவோம்? கூரை வழியாவா குதிப்போம்?" என்பார். அதனால் நிலத்தை அளந்தவர்கள் எப்படிக் கொடுத்தாலும் அண்ணன் அதைத் திருப்பி, ரோடு கீழே வருமாறு போட்டுக்கொள்வான். கூடவே வடக்கைக் காட்டும் சின்ன அம்பையும் திருப்பிவிட வேண்டும். இத்தனை வருடமாகத் திருப்பிக்கொண்டுதான் இருந்தான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் ஒரு பெரிய கம்பெனியில் வாடிக்கையாளர்களின் போனுக்குப் பதில் சொல்கிறவள். எங்கள் கட்டடம் முழுக்கக் கண்ணாடி. என் இருக்கை மேற்குப் பார்த்த ஜன்னலோரம். மூன்றரை மணிக்கு வெயில் உள்ளே வந்தால் ஐந்தரைவரை போகாது. திரையில் ஒரு எழுத்து தெரியாது. ஒரு பக்கக் கன்னம் எரியும், மறுபக்கம் ஏ.சி. குளிரில் விறைக்கும். கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டினோம். பக்கத்து இருக்கைக்காரி ஒரு நாள் குடையையே விரித்துவிட்டாள், மேலாளர் வந்து மடக்கச் சொன்னார். திரைச்சீலையை இழுத்துவிட்டால் இருட்டாகிவிடும், உடனே டியூப்லைட்டைப் போடுவார்கள். வெளியே ஊர் முழுக்க வெளிச்சம் கொட்டிக் கிடக்க, உள்ளே நாங்கள் பகலெல்லாம் விளக்கெரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தினமும் நாலு மணிக்கு எனக்கு ஒற்றைத் தலைவலி வரும். வாரத்தில் இரண்டு நாள் வாந்தி எடுப்பேன். வேலையை விட்டுவிடும்படி டாக்டர் சொல்லிவிட்டார். விட்டால் சோறு யார் போடுவது?

அந்த நேரத்தில்தான் கம்பெனி சொந்தமாக ஒரு அலுவலகம் கட்ட முடிவு செய்தது. வெயிலை எதிர்த்து மின்சாரத்தைக் கொட்டாமல், வெயிலுக்கு ஏற்றபடி கட்டுகிற கட்டடம். வெயில் படாத பக்கம் ஜன்னல், வெயில் படுகிற பக்கம் சுவர், கூரையில் சூரியத் தகடு, மழைநீருக்குத் தொட்டி. அந்த வேலை அண்ணனின் ஆர்க்கிடெக்டுக்குக் கிடைத்தது.

"உனக்கு நல்ல இடமாப் பாத்துப் போட்டுத் தரேன்" என்றான் அண்ணன். அவன் எனக்கு வாக்கு என்று ஒன்று கொடுத்தது அதுதான்.

நிலத்தை அளந்தவர்கள் கொடுத்த தாளில் வடக்கு மேலே இருந்தது, ரோடு வலது ஓரத்தில் இருந்தது. அண்ணன் வழக்கம்போல் தாளைக் கால்வட்டம் திருப்பினான். ரோடு கீழே வந்தது, வடக்கு வலது பக்கம் போனது. அம்பையும் மறக்காமல் வலது பக்கம் பார்க்கத் திருப்பினான். ஆனால் அதோடு சேர்த்து அனுப்பிய இரண்டாவது தாளுக்கு, பழைய கட்டடம் ஒன்றின் தாளிலிருந்து, பெயரும் அளவும் அம்பும் போட்ட ஓரச் சட்டத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தான். அதிலிருந்த அம்பு மேலே பார்த்தது. அளந்த தாள் கம்பெனிக்கே திரும்பிப் போய்விட்டது.

இரண்டு தாளும் வெயில் கணக்குப் போடுகிற ஒரு பெண்மணியிடம் போயின. வருடத்தின் ஒவ்வொரு மணிக்கும் எந்தச் சுவரில் எவ்வளவு வெயில் படும் என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வது அவர் வேலை. ஒரு சாயங்காலம் நான் அண்ணன் வீட்டில் இருந்தபோது அவர் போன் செய்தார். அண்ணன் லேப்டாப்பில் வரைந்துகொண்டே ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், ஒரு தாள்ல அம்பு வலது பக்கம் பாக்குது, இன்னொண்ணுல மேல பாக்குது. வடக்கு மேலதானே?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "யாருகிட்ட கேக்கறாங்க பாருங்க அண்ணி. திசைகாட்டிகிட்ட வடக்கு எங்கன்னு கேக்கறாங்க" என்றேன். அடுப்படியில் அண்ணியும் சிரித்தாள். போனுக்குக் கேட்டதோ என்னவோ, அந்தப் பெண்மணியும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. அண்ணனின் காது மடல் சிவந்தது. என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான்.

"ஆமா மேடம், மேலதான்" என்றான். "வலது பக்கம் போட்டது என் தப்பு. மாத்திடறேன்."

என் கண் முன்னாலேயே அந்த வலது பக்க அம்பை அழித்தான். திசையைச் சரியாகப் போட்டிருந்தவன், அதை அழித்துவிட்டு எங்களோடு சேர்ந்து சிரித்தான்.

மீதியெல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான் நடந்தது. தாளின் மேல் பக்கம் வடக்கு, அங்கே வெயில் அடிக்காது என்று நம்பி, அந்தப் பக்கம் முழுக்க வெயிலை மறைக்கும் தட்டுகூட இல்லாத கண்ணாடி வைத்தார்கள். இடது பக்கம் மேற்கு என்று நம்பி, படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை எல்லாவற்றையும் அங்கே அடுக்கினார்கள். அண்ணன் அட்டையில் ஒரு மாதிரி செய்தான். சாப்பாட்டு மேசை ஒரு மாதம் அவனுக்குத்தான். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள், மேசைகளுக்கு அட்டைத் துண்டு, கட்டை விரல் நக அளவுக்கு மனிதர்கள். மேல் வரிசையில் ஜன்னலோரம் ஒரு பொம்மைக்கு மட்டும் சிவப்பு மையால் புடவை கட்டிவிட்டான்.

"இது நீ" என்றான். "வருஷம் பூரா உன் மேல வெயில் படாது."

அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டினார்கள். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கான்கிரீட் லாரி வருவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை மாலை அண்ணனை மேஸ்திரியிடம் சில தாள்களைக் கொடுத்துவர அனுப்பினார்கள். அவன் அந்த நிலத்தில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஆர்க்கிடெக்ட் போயிருக்கிறார், ஆனால் அவர் எப்போதும் உச்சி வெயிலில்தான் போவார், பத்து நிமிடத்தில் காருக்குள் ஏறிவிடுவார். உச்சியில் நிற்கிற சூரியன் எந்தப் பக்கத்தையும் காட்டிக்கொடுக்காது.

நாலே காலுக்கு எனக்குப் போன் வந்தது.

"பாப்பா, உனக்கு இப்ப வெயில் எங்க அடிக்குது?"

"மூஞ்சியில. எங்க இருக்க நீ? மறுபடி தொலைஞ்சுட்டியா?"

"இல்ல, சைட்டுக்குத்தான் வந்திருக்கேன். ரோட்டுக்கு முதுகக் காட்டிட்டு, உன் ஜன்னல் வர்ற இடத்தப் பாத்து நிக்கிறேன். எனக்கும் மூஞ்சியில அடிக்குது."

"சரி, அதுக்கு?"

"அது வடக்கு, பாப்பா. அங்கேருந்து எப்படி அடிக்கும்?"

சாயங்காலச் சூரியன் மேற்கில் இருக்கும் என்பதுகூடத் தெரியாதவளா நான்? ஆனால் பேசுகிறவன் அண்ணன். அவன் ரோட்டுக்கு முதுகைக் காட்டி நிற்பதாகச் சொன்னால் எந்த ரோட்டுக்கு, எந்த முதுகை என்று கேட்க வேண்டும். கேட்டேன். அவன் மேஸ்திரியிடம் கேட்டான். மேஸ்திரி சொன்னது எனக்கும் கேட்டது: "நாங்க ரோட்டுலேருந்து அளந்து கோடு போடறோம் சார். வடக்கும் தெற்கும் எங்களுக்கு எதுக்கு?"

அன்று சாயங்காலம் அவன் வீட்டில் அவனும் அண்ணியும் நானும் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். தாளை மேசையில் வைத்துத் திருப்பினோம், அப்புறம் தாளை விட்டுவிட்டு நாங்கள் சுற்றினோம். அண்ணன் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்தான். அது பத்து நிமிடத்தில் மூன்று வடக்கைக் காட்டியது. நிலத்தை அளந்தவரின் தாள் கையில் இல்லை. இருந்தது அண்ணன் திருப்பிய தாள், அதிலிருந்த அம்பையும் அவனே அழித்துவிட்டிருந்தான்.

"முதல்ல எந்தப் பக்கம்ணா போட்டிருந்த?" என்று கேட்டேன்.

"வலது பக்கம்னு நெனைக்கறேன்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஆனா நான் நெனைச்சது என்னைக்கு சரியா இருந்திருக்கு?" என்றான்.

புதன்கிழமை காலை ஆர்க்கிடெக்டிடம் போய், வடக்கு தப்பாக இருக்கிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றான். அலுவலகமே சிரித்ததாம். "ஏம்பா, நேத்து இங்கேருந்து டீக்கடைக்குப் போயிட்டு வர முக்கால் மணி நேரம் பண்ணின. நீ எனக்கு வடக்கு சொல்றியா?" என்று ஆர்க்கிடெக்டும் சிரித்தார். பன்னிரண்டு நிறத்தில் வந்திருந்த வெயில் கணக்கை எடுத்து அவன் முன்னால் போட்டார். அண்ணன் அசடு வழிந்துகொண்டு வெளியே வந்தான். வழக்கமாக விஷயம் அதோடு முடிந்துபோகும்.

அன்றைக்கு முடியவில்லை. அட்டை மாதிரியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான், அதுவும் சரியான பஸ். ஏறிய பிறகு எனக்குப் போன் செய்தான். நான் தலைவலி என்று அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு அந்த நிலத்துக்குப் போனேன். பொய்யில்லை, தலை வலித்துக்கொண்டுதான் இருந்தது.

அவன் நாலைந்து செங்கல்லை அடுக்கி அதன் மேல் மாதிரியை வைத்திருந்தான். மாதிரியின் வாசல் ரோட்டைப் பார்த்தது. மேஸ்திரி போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்கு நேராக அட்டையின் ஓரத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிச் சரிபார்த்தான். இரண்டு பேரும் மண்ணில் உட்கார்ந்துகொண்டோம். மூன்றரைக்குப் பிளாஸ்டிக் தாள் மின்னத் தொடங்கியது. நாலு மணிக்கு வெயில் அதன் வழியாக உள்ளே நுழைந்து, ஒரு மேசையையும் விடாமல், கடைசிச் சுவர்வரை போய்ச் சாய்ந்தது. சிவப்புப் புடவைப் பொம்மையின் முகத்தில் நேராக அடித்தது. புதிதாகக் கட்டிப் போகப்போகிற இடத்திலும் எனக்கு அதே நாலு மணிதான். அந்தக் கட்டை விரல் நக அளவுப் பொம்மையைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நீ சொன்னதுதாண்ணா சரி. போன் பண்ணிச் சொல்லு" என்றேன்.

அவன் போனைக் கையில் எடுத்தான். அவனுக்கு இன்னும் குழப்பம்தான். செங்கல்லை வைத்தது தப்போ, ரோடு வேறு ரோடோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான். கடைசியில் ஆர்க்கிடெக்டைக் கூப்பிட்டான்.

"சார், சைட்லேருந்து பேசறேன். வடக்கு எதுன்னு எனக்குத் தெரியல சார்" என்றான். அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ, மறுபடி, "தெரியல சார். மாதிரிய வெயில்ல வச்சிருக்கேன். நீங்க வந்து பாத்தாத் தேவலை" என்றான்.

அரைமணி நேரத்தில் கார் வந்தது. இறங்கியதும் ஆர்க்கிடெக்ட் சொன்ன முதல் பேச்சு இதுதான்: "பதினெட்டு வருஷத்துல நீ தெரியலன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. அதான் வந்தேன்."

பேண்ட் மண்ணாவதைப் பார்க்காமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மாதிரியை உற்றுப் பார்த்தார். மெதுவாகக் கால்வட்டம் திருப்பினார். உள்ளே இருந்த வெயில் வெளியேறி, சிவப்புப் பொம்மை நிழலுக்குள் போனது. பழையபடி திருப்பி வைத்தார். வெயில் மறுபடி அதன் முகத்தில் ஏறியது. லாரிக்காரனுக்குப் போன் செய்து, "நாளைக்கு வர வேணாம். நான் சொல்ற வரைக்கும் வர வேணாம்" என்றார். பிறகு அண்ணனிடம் திரும்பினார்.

"அன்னைக்கு அந்தம்மா கேட்டப்பவே தெரியலன்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாப்பா?"

"சொன்னா சிரிப்பாங்க சார்."

"யாரு சிரிப்பா?"

அண்ணன் என் பக்கம் திரும்பவில்லை. "பொதுவாச் சொன்னேன் சார்" என்றான். அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"நான்தான் சார் சிரிச்சேன்" என்றேன். ஆர்க்கிடெக்ட் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு போய் மேஸ்திரியிடம் பேசத் தொடங்கினார்.

நிலத்தைத் திருப்ப முடியாது, அதனால் கட்டடத்தின் உள்வயிற்றைத் திருப்பினார்கள். படிக்கட்டும் லிஃப்டும் கழிப்பறைகளும் மேற்குக்குப் போயின, மேசைகள் வடக்குப் பக்கம் கூடின. இரண்டு மாதம் தாமதம். ஆர்க்கிடெக்ட் அண்ணனை வேலையை விட்டு அனுப்பவில்லை, ஆனால் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. அதற்குப் பிறகு, எந்த வேலையாக இருந்தாலும் முதல் கோடு போடுமுன் அண்ணன் அந்த நிலத்துக்குப் போய் நாலு மணிக்குத் தன் நிழலைப் படமெடுத்து வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். அது தண்டனையா மரியாதையா என்று அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. இப்போதும் போய் எடுத்துக்கொண்டுதான் வருகிறான்.

நாங்கள் புதுக் கட்டடத்துக்கு வந்த முதல் நாள், பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தான். நாலு மணி ஆயிற்று. ஒரு விளக்கும் எரியவில்லை, ஆனால் என் திரையில் ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. தலை வலிக்கவில்லை. வலிக்கும் வலிக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், வலிக்கவே இல்லை. அப்போது போன் வந்தது.

"பாப்பா, எங்கயோ நிக்கிறேன். எதிர்ல ஒரு மருந்துக்கடை இருக்கு. இங்கேருந்து உங்க ஆபீஸ் வலது பக்கம்தானே?"

இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு படியும் அவன் வரைந்தது. பழக்க தோஷத்தில் கேலி செய்ய வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன்.

"எனக்கும் தெரியலண்ணா" என்றேன். "அங்கயே நில்லு. நான் வரேன்."

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படிக்கட்டில் இறங்கினேன். திருப்பத்தில் சுவரைப் பிடித்தபோது கை சுட்டது. என் முகத்துக்கு வர வேண்டிய வெயில். ஒரு நிமிடம் அங்கேயே கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, அண்ணனைத் தேடிப் போனேன்.